மூன்று துணி கட்டிய படகு

எங்கள் அண்ணியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல உட்கார்ந்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. நாத்தனார் வாயிலிருந்து வருகிற புகழை யார் நம்புவார்கள்? நம்பாவிட்டால் போங்கள். நீர்த்தேக்கத்துப் படித்துறையில் தூண்டில் முள்ளும் மாவு உருண்டையும் புழுவும் விற்கிற கடை என்னுடையது. நடந்ததெல்லாம் என் கண் முன்னால் நடந்தது. கேள்விப்பட்டதை அளக்கிற ஆள் நான் இல்லை.

அண்ணி கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்தபோது டவுன் பஸ்ஸில் கண்டக்டர். குழாயில் வருகிற தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரோடு அவளுக்குப் பழக்கமே இல்லை. அண்ணனுக்கு ஒரு தட்டைப் படகு இருந்தது. மீன் பிடிக்க ஆசைப்பட்டு வருகிறவர்களைத் தேக்கத்துக்குள் கூட்டிப்போய், மீன் கிடக்கிற இடத்தைக் காட்டி, பொழுது சாய்வதற்குள் கரையில் கொண்டுவந்து விடுவார். எங்கள் அண்ணன் வாயில்லாப் பூச்சி. என்ஜினைத் துடைத்தால்கூட அதன் மனம் நோகாமல் துடைப்பார். ஒரு மழைநாளில் படியில் வழுக்கி விழுந்தவருக்கு முதுகு போய்விட்டது. இனிமேல் கயிறு இழுக்கக் கூடாது, நங்கூரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். படகை விற்றுவிடலாம் என்று முதலில் வாயைத் திறந்தது நான்தான். அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏன், நான் ஓட்டக் கூடாதா? தொங்கத் தொங்க ஒரு பஸ் ஜனத்தை ஏத்திக்கிட்டுப் போனவ நான். ஆறு பேரை ஏத்த மாட்டேனா?"

"அண்ணி, அது ரோடு. இது தண்ணி."

"ரோட்டுலயாவது எதிர்ல லாரி வரும். இங்க என்ன வரப்போகுது?"

அவ்வளவுதான், முடிந்தது பேச்சு. அண்ணன் கரையில் உட்கார்ந்தபடி சொல்லிக் கொடுக்க, இவள் என்ஜினை இழுத்துக் கிளப்பக் கற்றுக்கொண்டாள். முதல் வாரம் மூன்று தடவை கரையில் மோதினாள். படித்துறையே கை கொட்டிச் சிரித்தது. இவள் ஒருவரையும் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த வருஷம் மூலை முடுக்கெல்லாம் அத்துப்படி. ஆனால் பஸ் மட்டும் அவளை விட்டுப் போகவே இல்லை. "உள்ள நகருங்க, உள்ள நகருங்க, கனமானவங்க பின்னாடி, கைப்பிள்ளைக்காரங்க நடுவுல" என்று அவள் ஆள் ஏற்றுகிற சத்தம் என் கடை வரைக்கும் கேட்கும். படித்துறையில் அவளுக்குக் கண்டக்டரம்மா என்றே பெயர் விழுந்தது.

இனி எங்கள் துறையின் துணிச் சமாச்சாரத்தைச் சொல்ல வேண்டும். இது தெரியாவிட்டால் மேலே ஒன்றும் புரியாது. எங்கள் தேக்கத்தில் மீன் பிடிக்கப் போகிற ஒவ்வொரு படகும் கம்பத்தில் ஒரு துணி கட்ட வேண்டும். தூண்டிலை அடியில் போட்டுக் கெளுத்திக்கும் விலாங்குக்கும் காத்திருக்கிற படகுக்குச் சிவப்பு. அதன் பக்கத்தில் யாரும் நங்கூரம் போடக் கூடாது. மிதவை போட்டுக் கெண்டைக்கும் ஜிலேபிக்கும் உட்கார்ந்திருக்கிற படகுக்கு மஞ்சள். அதன் அருகே யாரும் அலையடிக்கிற மாதிரி வேகமாகப் போகக் கூடாது. வீசி வீசி இழுத்து விரால் பிடிக்கிற படகுக்குப் பச்சை. வீசுகிற பக்கம் யாரும் குறுக்கே வரக் கூடாது. எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனால் எல்லோரும் மதிக்கிற வழக்கம். ஒரு படகு, ஒரு துணி.

அண்ணி மூன்றையும் கட்டினாள்.

அதற்குக் காரணம் இருந்தது. படகுக்கு வந்த புதிதில் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போனாள். அப்பா, அம்மா, இரண்டு பையன்கள். வழக்கம்போல எல்லோருக்கும் கெண்டைக்குத் தூண்டில் போட்டுக் கொடுத்தாள். மூத்தவனுக்கு ஒரு பெரிய கெண்டை மாட்டியது. சின்னவனுக்கு ஒன்றுமில்லை, கத்தி ஊரைக் கூட்டினான். அப்பாவுக்கும் ஒன்றுமில்லை, சின்னவன் முதுகில் ஒன்று வைத்தார். அம்மா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஒரு மீனும் மூன்று கடுகடுத்த முகமுமாகத் திரும்பி வந்தார்கள். அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது அண்ணி என்னிடம் சொன்னாள்:

"தப்பு என்னோடதுதான். ஒரே பஸ்ல வர்றவங்க எல்லாம் ஒரே ஸ்டாப்லயா எறங்குறாங்க?"

அடுத்த நடையிலிருந்து அவள் முறையே மாறிவிட்டது. பொறுமையில்லாத பிள்ளைக்கு மாவு உருண்டையும் குட்டி முள்ளும். ஜிலேபி நிமிஷத்துக்கு ஒன்றாகக் கொத்தும், பிள்ளைக்குத் தலைகால் புரியாது. தூங்கி வழிகிற பெரியவருக்கு மணி கட்டிய அடித் தூண்டில். விலாங்கு இழுத்தால் மணி அடித்து எழுப்பும். கை சும்மா இருக்காதவர்களுக்கு வீசி இழுக்கிற கம்பு. யாருடைய மீன் பெரியது என்ற பேச்சே கிடையாது. விலாங்கோடு ஜிலேபியை யார் நீட்டி அளப்பது? ஒவ்வொருவரும் அவரவர் வகையில் முதல் ஆளாகக் கரையேறினார்கள். குடும்பங்கள் அவள் படகைத் தேடி வந்தன. நான் விற்கிற மாவு உருண்டையும் கூடிப்போனது, மறைப்பானேன்.

ஒன்று சொல்ல வேண்டும். மற்ற படகுக்காரர்களுக்குக் கோபம் வந்ததில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. மூன்று துணியும் பறக்கிற படகின் பக்கத்தில் நங்கூரம் போட முடியாது, வேகமாகப் போக முடியாது, குறுக்கே வர முடியாது. இவள் போய் நிற்கிற இடமெல்லாம் இவளுக்குப் பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி ஆனது. "துணி காயப்போட வந்துட்டியா?" என்று கேலி செய்தார்கள். "ஆமா, உங்க வீட்டு அழுக்கும் இருந்தா கொண்டாங்க" என்பாள். மூன்று துணிக்கும் சேர்த்து ஒரு அளவு இடம் பேசிக்கொள்ளலாம் என்று அவளே படகுக்காரர் சங்கத்தில் போய்ச் சொல்லவும் செய்தாள். சங்கத் தலைவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அவருக்குத் தராசு என்று பட்டப்பெயர். மீனை எடை போட்டுப் பார்க்காமல் அவருக்கு அன்றைய பொழுது விடியாது, முடியாது. துறையிலேயே பெரிய என்ஜின் அவர் படகில்தான் இருந்தது; மூச்சுக்கு முந்நூறு தரம் அதைச் சொல்லிக் காட்டுவார். கெளுத்தி, அதுவும் தூக்க முடியாத கெளுத்தி, அதைத் தவிர மற்றதெல்லாம் அவருக்குப் பூச்சி. பெண்களும் பிள்ளைகளும் படகில் ஏறினால் மீன் ஓடிவிடும் என்று நம்புகிற மனிதர்.

மீன் குஞ்சு பொரிக்கிற மாதங்களில் தேக்கத்தைப் பூட்டிவிடுவார்கள். மறுபடி திறக்கிற ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வாரம் தராசு என் கடை முன்னால் வந்து நின்றார். அண்ணி வலை அலசிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, சங்கத்துல முடிவு பண்ணியாச்சு. ஞாயித்துக்கிழமை ஒத்தைத் துணியோட வந்தா வா. இல்லேன்னா கடைசிப் படியை விட்டுடணும். அந்த இடத்தை என் மச்சான் படகுக்குக் கொடுக்கப் போறோம்."

எனக்குப் பகீரென்றது. படித்துறையில் மற்ற இடங்களெல்லாம் உயரமான சுவர். அங்கிருந்து படகுக்குள் குதிக்கத்தான் வேண்டும். கடைசியில் இருக்கிற ஒரே ஓர் இடத்தில்தான் அகலப் படிகள் தண்ணீர் மட்டத்துக்கு இறங்குகின்றன. கைப்பிள்ளைக்காரியும் கால் விளங்காதவரும் அங்கே நடந்து ஏறலாம். அந்தப் படி போனால் குடும்பம் வராது. குடும்பம் வராவிட்டால் அண்ணியின் படகு விறகுக்குத்தான் ஆகும். அந்த இடம் எங்கள் அப்பா காலத்திலிருந்தே எங்களுடையது.

அண்ணி வலையைக் கீழே போடக்கூட இல்லை.

"மூணு துணியோடதான் வருவேன், தலைவரே. அந்தப் படியிலதான் நிப்பேன்."

"பாத்துடலாம்."

"நல்லா பாருங்க. கண்ணாடி வேணும்னா போட்டுக்கிட்டுப் பாருங்க."

அவர் போன பிறகு நான் அவளிடம் கெஞ்சினேன். ஒரு துணியை மட்டும் கட்டிக்கொண்டு போய், உள்ளே போனதும் இஷ்டப்படி மீன் பிடித்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன். அண்ணனும் அதையே முனகினார். அண்ணிக்கு வந்ததே கோபம்.

"மஞ்சளைக் கட்டிக்கிட்டு அடித் தூண்டில் போட்டா, தெரியாம ஒருத்தன் வந்து நங்கூரத்தைப் பிள்ளைங்க கயித்து மேல போடுவான். முள்ளு யாரு கையில ஏறும்? நான் செய்யுறதைத்தான் கம்பத்துல கட்டுவேன். செய்யாததைக் கட்ட மாட்டேன். பொய் சொல்லித்தான் பொழைக்கணும்னா நான் பஸ்லயே இருந்திருப்பேனே, சில்லறை இல்லைன்னு!"

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் போனோம். அன்று எங்கள் படகுக்குச் சொல்லி வைத்திருந்தவர் ஒரு தையல்காரர். கூடவே மாசமாக இருந்த அவர் மனைவி, முழங்கால் மடங்காத அவர் மாமனார், இரண்டு பெண் பிள்ளைகள். படகு கடைசிப் படியில் நின்றது. கம்பம் மொட்டையாக நின்றது. துணி மூன்றையும் காணோம். கயிற்றைக் கத்தியால் அறுத்திருந்தார்கள்.

டீக்கடைக்காரர் என் காதைக் கடித்தார். இருட்டு பிரிகிற நேரத்தில் தராசு இந்தப் பக்கம் வந்து போனதைப் பார்த்தாராம். எனக்கு உச்சி வரைக்கும் ஏறிவிட்டது. போய் நாலு கேள்வி கேட்கலாம் என்றால் மனிதர் அதற்குள் தன் பெரிய என்ஜினைக் கிளப்பிக்கொண்டு உள்ளே போயிருந்தார்.

"கவலைப்படாதீங்கம்மா, கடை பக்கத்துலதான். துண்டு துணி கெடக்கு, இதோ தைச்சு எடுத்துட்டு வந்துடுறேன்" என்றார் தையல்காரர்.

அண்ணி மொட்டைக் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. எனக்கு அந்தச் சிரிப்பைத் தெரியும். டிக்கெட் வாங்காமல் ஒளிந்திருக்கிறவனைக் கண்டுபிடித்த சிரிப்பு.

"வேணாம். அப்படியே போவோம். உள்ள நகருங்க, உள்ள நகருங்க!"

"அண்ணி, துணி இல்லாமப் போனா என்ன அர்த்தம்னு மறந்துட்டீங்களா?"

"நான் மறக்கலை. எடுத்தவர்தான் மறந்துட்டாரு."

எங்கள் தேக்கத்தில் துணி இல்லாமல் நிற்கிற படகு என்றால் பழுதான படகு. என்ஜின் போய்விட்டது, அல்லது ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பொருள். அதைப் பார்க்கிற எவரும் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தே ஆக வேண்டும். அந்தப் படகு துணி கட்டுகிற வரைக்கும், அல்லது கரைக்குப் போகிற வரைக்கும், வந்தவர்கள் விட்டுப் போகக் கூடாது. துணியை எடுத்துவிட்டால் பொம்பளை கரையிலேயே உட்கார்ந்து அழுவாள் என்று தராசு கணக்குப் போட்டிருக்கிறார். தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்த மனிதருக்கு இது தோன்றவில்லை பாருங்கள்! கடையை அண்ணன் தலையில் கட்டிவிட்டு நானும் படகில் ஏறி உட்கார்ந்தேன். இதை விட்டுவிட்டு மாவு உருட்டிக்கொண்டிருக்க எனக்கென்ன பைத்தியமா?

தேக்கத்தின் நடுவில் போய் என்ஜினை நிறுத்தினாள். பிள்ளைகள் இரண்டுக்கும் மாவு உருண்டை. மாமனாருக்கு அடித் தூண்டிலும் மணியும். தையல்காரருக்கு மிதவை. மாசமாக இருந்த பெண்ணுக்கு வீசுகிற கம்பு. அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே வீசின வீச்சைப் பார்த்து அவள் புருஷன் தலையைக் குனிந்துகொண்டார். சின்னவளுக்கு உட்கார்ந்த கையோடு ஒரு ஜிலேபி மாட்டியது. அவள் போட்ட கூச்சலுக்கு எங்கேயோ இருந்த கொக்குகள் எழுந்து பறந்தன.

முதலில் வந்தது அண்ணன் தம்பி இரண்டு பேர் ஓட்டுகிற படகு.

"என்னக்கா, என்ஜின் போச்சா?" என்று பெரியவன் பதறிக்கொண்டு கேட்டான்.

"என்ஜின் கல்லு மாதிரி இருக்குப்பா. துணிதான் போச்சு. யாரோ அறுத்துட்டாங்க."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். போகவும் முடியாது. நின்றார்கள். அடுத்து ஒரு படகு வந்தது. அதன் பிறகு வரிசையாக வந்தன. தொலைவிலிருந்து மொட்டைக் கம்பத்தைப் பார்த்தவர்களெல்லாம், யாருக்கு என்ன ஆயிற்றோ என்று அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். வந்து பார்த்தால் கண்டக்டரம்மா குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்து பிள்ளைக்கு முள்ளில் மாவு கோத்துக்கொண்டிருக்கிறாள். திறப்பு நாள் காலை, ஒருவன் தூண்டிலும் தண்ணீரில் இல்லை.

"அக்கா, ஏதாவது ஒரு துணியைக் கட்டுங்களேன், நாங்க போறோம்" என்று கெஞ்சினார்கள்.

"ஏதாவது ஒண்ணைக் கட்ட மாட்டேன்னுதானே இத்தனை நாளா சண்டை? என் துணி மூணும் வரட்டும். அந்த நிமிஷமே கட்டுறேன்."

கடைசியில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பெரிய என்ஜின் வந்தது. தராசின் முகம் பழுத்த மிளகாய் மாதிரி இருந்தது.

"என்ன நாடகம் இது? எல்லாரும் போங்கய்யா, அவங்கவங்க வேலையைப் பாருங்க!"

ஒருவரும் நகரவில்லை. அண்ணன் தம்பியில் பெரியவன்தான் மென்று முழுங்கிச் சொன்னான்: "துணி இல்லாத படகை எப்படித் தலைவரே விட்டுட்டுப் போறது? நாளைக்கு நமக்கு ஒண்ணுன்னா எவன் வருவான்?"

"துணி கட்டச் சொல்லு அவளை!"

"கட்டுறேன், தலைவரே" என்றாள் அண்ணி. குரலில் அத்தனை தேன். "யாரு எடுத்தாங்களோ அவங்க எடுத்துக் கொடுத்தா போதும். இங்கயே, இத்தனை பேர் முன்னாடி. கட்டிட்டு நான் பாட்டுக்கு நகர்ந்துடுவேன்."

அவள் அவரைப் பார்த்தாள். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். துணியை எடுத்துக் கொடுத்தால் திருடன் என்று அவரே ஒப்புக்கொண்டதாகும். கொடுக்காவிட்டால் வேறு ஒரே வழிதான். பழுதான படகைக் கரைக்கு இழுத்துப் போக வேண்டும். அதையும் துறையில் இன்னார்தான் செய்ய வேண்டும் என்றிருக்கிறது. வந்திருப்பதில் யாரிடம் பெரிய என்ஜின் இருக்கிறதோ, அவர்.

இத்தனை வருஷம் அந்த என்ஜின் புராணத்தைக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன காதுகள் அங்கே நிறைய இருந்தன. "தலைவரே, உங்களோடதுதானே பெருசு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடக்கவும் இல்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு அவர் கயிற்றை எடுத்தார். அந்த நேரம் பார்த்து மாமனாரின் மணி அடித்தது.

"இருங்க தலைவரே, பெரியவருக்கு விலாங்கு" என்றாள் அண்ணி. கையில் கயிறோடு அவர் நின்றார். முழங்கால் மடங்காத மனிதர் இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு, விலாங்கோடு மல்லுக்கட்டி, மூச்சு வாங்க அதை உள்ளே இழுத்துப் போட்டார். சுற்றி நின்ற படகுகளெல்லாம் கை தட்டின. ஒருவனாவது அதன் எடையைக் கேட்கவில்லை.

அப்புறம்தான் கிளம்பினோம். முன்னால் தராசு, பின்னால் நாங்கள், எங்கள் பின்னால் மொத்தத் துறையும். பிள்ளைகள் வழியெல்லாம் கையாட்டிக்கொண்டு வந்தார்கள். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. அவள் பார்வை படித்துறையிலேயே இருந்தது. கிட்டே போனதும் எனக்கும் ஏனென்று தெரிந்தது. கடைசிப் படியில் ஒரு படகு நின்றது. புத்தம் புதிது, வெயிலில் பளபளத்தது. தராசின் மச்சான், நாங்கள் உள்ளே போன நேரம் பார்த்துக் கொண்டுவந்து கட்டிவிட்டிருந்தான். கரையில் எங்கள் அண்ணன் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார்.

தராசுக்கு உயிர் வந்துவிட்டது. "இடம் இல்லையே. அந்தச் சுவரோரம் விட்டுடவா?"

"அந்தச் சுவர்ல இவ ஏறுவாளா?" என்று மாசமாக இருந்த பெண்ணைக் காட்டினாள் அண்ணி. பிறகு எழுந்து நின்றாள். பஸ்ஸின் முன்படியிலிருந்து பின்படி வரைக்கும் கேட்கிற அந்தக் குரலை எடுத்தாள். "இழுத்துட்டு வந்தவரு, பழுதான படகை அதோட இடத்துல தன் கையால கட்டிட்டுத்தான் போகணும். இதுதானே தலைவரே நம்ம வழக்கம்? துணி விஷயத்துல வழக்கம், வழக்கம்னு என்கிட்ட வந்து நின்னீங்களே. இந்தப் படகு இன்னைக்குக் காலை வரைக்கும் எங்க நின்னுதோ, அதுதான் அதோட இடம். ராத்திரி பூரா ஆனாலும் சரி, நான் இதுலயேதான் உக்காந்திருப்பேன். நீங்களும் கயித்தோட நில்லுங்க."

பின்னால் வந்த படகுகள் ஒவ்வொன்றாக என்ஜினை நிறுத்தின. எவனும் தன் இடத்துக்குப் போகவில்லை. வெயில் ஏறியது. மச்சான்காரன் கரையிலிருந்து, "மாமா, விட்டுடாதீங்க மாமா" என்றான். அண்ணன் தம்பியில் சின்னவன், "நீ கொஞ்சம் வாயை மூடு" என்றான்.

தராசு படியில் இறங்கினார். மச்சானின் புதுப் படகைத் தன் கையாலேயே அவிழ்த்து, காலால் உந்தி, சுவரோரம் தள்ளிவிட்டார். எங்கள் படகை இழுத்துக் கடைசிப் படியோடு அணைத்தார். பெரியவர் இறங்கினார், பிள்ளைகள் இறங்கினார்கள். மாசமாக இருந்த பெண் வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு சாவகாசமாகப் படியில் கால் வைத்தாள். அதுவரைக்கும் தராசு படகைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து, அத்தனை பேர் பார்க்க, எங்கள் அப்பா நட்ட கல்லில் எங்கள் படகைக் கட்டினார்.

அண்ணி குனிந்து முடிச்சை இழுத்துப் பார்த்தாள்.

"இன்னொரு சுத்து சுத்துங்க, தலைவரே. நாளைக்கும் இங்கதான் நிக்கும்."

அவர் சுற்றினார்.